உணவும் உள்ளமும்



பசித்திருப்பவனுக்கு உறக்கம் வாராது என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் வயிறார உண்டவனுக்கும், அவன் உணவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பொருள் குறைந்துவிட்டால், உறக்கம் கெடும், மனம் சோரும், நாளடைவில் அறிவே கலங்கிப்போகும். இவ்வுண்மையைக் கண்டறிய மனிதகுலத்திற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அவ்வரலாற்றையும், அவ்வரலாற்றைத் தவறாகப் படித்ததனால் பின்னர் நேர்ந்த ஒரு துன்பத்தையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இப்பொருளில் என் மனம் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இரவில் உறக்கம் குறைந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு அடங்கிய உடம்பு, மணி நின்றதும் தடுமாறிற்று போலும். அந்நாளில் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர் மகன் ஒரு புட்டி நிறைய மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்தான். “இது மருந்து அன்று மாமா, உணவுச் சத்துதான். இரவில் ஒன்று உண்ணுங்கள். மாலையில் குடிக்கும் காப்பியை மட்டும் விட்டுவிடுங்கள்” என்றான். அவன் சொன்னபடியே செய்தேன். பன்னிரண்டு நாட்கள் நன்றாக உறங்கினேன். புட்டியின் மேல் ‘டிரிப்டோபான்’ என்ற பெயர் இருந்தது. அப்பெயரின் வரலாறு என்ன என்று தேடப் புகுந்தபோதுதான் இக்கதை என் கைக்குக் கிடைத்தது.

கதை ஸ்பெயின் நாட்டில் தொடங்குகிறது. அந்நாட்டின் வடபகுதியில் உள்ள அஸ்தூரியாஸ் என்னும் மலைநாட்டில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் வாழ்ந்தார். 1735ஆம் ஆண்டில் அவர் ஏழை உழவரிடையே ஒரு புதிய நோயைக் கண்டார். வெயில் படும் கையிலும் காலிலும் கழுத்திலும் தோல் சிவந்து, தடித்து, உரிந்தது. வயிற்றோட்டம் உண்டாயிற்று. அத்துடன் நோயாளிகள் காரணமின்றி வருந்தினர், உறக்கமின்றித் தவித்தனர், சிலர் சித்தம் கலங்கினர். இவர்கள் அனைவரும் மக்காச்சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்டவர்கள் என்பதையும் காசால் குறித்து வைத்தார். 1771இல் இத்தாலி நாட்டின் மிலான் நகரத்து மருத்துவர் பிராபோல்லி என்பவர் இந்நோயைப் ‘பெல்லாக்ரா’ என்ற பெயரால் எழுதினார். சொரசொரப்பான தோல் என்பது அச்சொல்லின் பொருள்.

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகே அது ஐரோப்பாவுக்கு வந்தது. மெக்சிகோ நாட்டுப் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளாக அதையே உண்டு வந்தனர். அவர்களிடையே பெல்லாக்ரா பரவவில்லை. ஏன்? அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, அதன் பின்னரே அரைத்தார்கள். சோளத்தில் பிணைந்து கிடக்கும் ஒரு சத்தை அச்சுண்ணாம்பு விடுவிக்கிறது என்பதை இன்றைய அறிவியல் கூறுகிறது. ஐரோப்பியர் விதையைக் கொண்டு வந்தனர். பாட்டிமார் கைப்பழக்கத்தைக் கொண்டு வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களில் பெருகிற்று. 1906ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில் 88 பேருக்கு இந்நோய் கண்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்நாட்டில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இந்நோயால் வருந்தினர் என்றும், 1 இலட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடுவர். மனநோய் மருத்துவமனைகளுக்குப் பெல்லாக்ராவினால் சித்தம் கலங்கியவர்கள் வந்து சேர்ந்தனர். வேறு மனநோயால் வந்தவர்கள் அங்கே உண்ட உணவால் பெல்லாக்ராவைப் பெற்றனர்.

அக்காலம் கிருமிகளைக் கண்டுபிடித்த காலம். பாஸ்டரும் காக்கும் பெற்ற வெற்றிகளால், எந்த நோய்க்கும் ஒரு கிருமி இருக்கவேண்டும் என்ற எண்ணம் மருத்துவர் மனத்தில் வேரூன்றியிருந்தது. ஆகவே பெல்லாக்ராவுக்கும் கிருமியைத் தேடினார்கள். நோயாளிகளைக் கண்டு மக்கள் அஞ்சி ஒதுங்கினர்.

1914இல் அமெரிக்க அரசின் பொதுநலத்துறை இந்நோயை ஆராயும் பொறுப்பை ஜோசப் கோல்டுபெர்கர் என்பவரிடம் ஒப்படைத்தது. அவர் 1874இல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். அவர் முதலில் ஆய்வுக்கூடத்திற்குச் செல்லவில்லை. மருத்துவமனைகளையும் அநாதை இல்லங்களையும் சிறைகளையும் சுற்றிப் பார்த்தார். உடனே ஒன்று அவர் கண்ணில் பட்டது. மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பெல்லாக்ரா வருகிறது. அவர்களோடு இரவு பகலாகப் பழகும் தாதியருக்கு வருவதில்லை. கிருமியால் வரும் நோயாயின் இருவருக்கும் வரவேண்டுமன்றோ?

மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகர அநாதை இல்லங்களில் அவர் கண்டது இதனினும் வியப்பானது. ஆறு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நோய் அரிது. பன்னிரண்டு வயதைக் கடந்தவர்களுக்கும் அரிது. இடைப்பட்ட வயதினரே மிகுதியாக வருந்தினர். ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே படுக்கை அறை. எனினும் இந்த வேறுபாடு எப்படி வந்தது? கோல்டுபெர்கர் சமையற்கூடத்திற்குச் சென்றார். சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். பெரிய பிள்ளைகள் வேலை செய்பவர்கள் என்பதால் அவர்களுக்கு இறைச்சி கிடைத்தது. நடுவில் இருந்தவர்களுக்கோ சோளக்கூழும் பாகுமே உணவு.

அவர் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் எல்லோருக்கும் கிடைக்குமாறு செய்தார். முன் ஆண்டில் நோயுற்றுத் தொடர்ந்து கண்காணிப்பில் இருந்த 172 பிள்ளைகளில், அடுத்த ஆண்டு ஒரே ஒருவருக்குத்தான் நோய் மீண்டது.

இங்கே நீங்கள் ஒன்றைக் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டும். நோய் தானாகவே குறைந்திருக்கக் கூடாதா என்று ஒருவர் கேட்கலாம் அல்லவா? அக்கேள்விக்கும் கோல்டுபெர்கர் விடை தேடினார். ஜார்ஜியா மாநிலத்து மனநோய் மருத்துவமனையில் பெல்லாக்ராவால் வருந்திய பெண்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் புதிய உணவு அளிக்கப்பட்டது. மற்றவர்கள் பழைய உணவையே உண்டனர். ஆண்டின் முடிவில், புதிய உணவு உண்ட 72 பேரில் ஒருவருக்கும் நோய் மீளவில்லை. பழைய உணவு உண்ட 32 பேரில் 15 பேருக்கு மீண்டது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது அணி இருந்ததனால்தான் முதல் அணியின் நலம் உணவால் வந்தது என்று துணிந்து கூற முடிந்தது.

1915இல் அவர் மிசிசிப்பிச் சிறைப்பண்ணை ஒன்றில் மறுதலைச் சோதனை செய்தார். விடுதலை அளிப்பதாக ஆளுநர் வாக்களித்ததன் பேரில் முன்வந்த கைதிகள், பாலும் இறைச்சியும் இல்லாத சோள உணவைச் சில மாதங்கள் உண்டனர். இறுதிவரை இருந்த 11 பேரில் 6 பேருக்குப் பெல்லாக்ரா வந்தது. சிறைப்பட்டவனுக்கு விடுதலையை விலையாகக் காட்டி அவன் உடம்பை நோய்க்கு உள்ளாக்குவது அறமா என்று நீங்கள் கேட்பீர்களாயின், அக்கேள்வி நியாயமானதே. இன்றைய ஆராய்ச்சி நெறிகள் இதற்கு இடம் தரமாட்டா.

அப்போதும் கிருமிக் கொள்கையினர் ஒப்பவில்லை. 1916இல் கோல்டுபெர்கர் நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடம்பில் ஏற்றிக்கொண்டார். அவர்களுடைய தோற்செதிலையும் கழிவையும் மாவில் கலந்து விழுங்கினார். உடன் பணியாற்றியவர்களும் பிறரும் அவருடன் சேர்ந்தனர். அவர் மனைவி மேரியும் நோயாளி ஒருத்தியின் இரத்தத்தை ஏற்றிக்கொண்டார். ஒருவருக்கும் பெல்லாக்ரா வரவில்லை.

தென்கரோலினா மாநிலத்துப் பஞ்சாலைச் சிற்றூர்களில் அவரும் பொருளியலறிஞர் எட்கர் சைடன்ஸ்டிரிக்கரும் வீடுவீடாகக் கணக்கெடுத்தனர். வருவாய் குறையக் குறைய நோய் மிகுவதைக் கண்டனர். பருத்தி விளைந்தது, பருத்தியே எங்கும் விளைந்ததனால் காய்கறித் தோட்டத்திற்கும் கறவை மாட்டிற்கும் இடமில்லாமற் போயிற்று. வறுமையே நோயின் வேர் என்று அவர் எடுத்துரைத்தபோது தென்மாநிலத் தலைவர்கள் பலர் சினந்தனர். தம் நாட்டுப் பெயர் கெடும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

இவ்விடத்தில் என் நினைவில் எழும் ஒரு நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியராக இருந்தபோது பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வகுப்பில் சோர்ந்து கிடப்பாள், கேட்டால் அழுவாள், இரவில் கால் குடைச்சலால் உறக்கம் இல்லை என்பாள். படிக்க மனமில்லாததற்குச் சொல்லும் சாக்கு என்று எண்ணி, வரிசையில் எல்லோர் முன்னும் அவளைக் கடிந்துகொண்டேன். சில வாரங்கள் சென்றபின் அவள் தாய் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இரத்தத்தில் இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தது தெரியவந்தது. மருத்துவர் அளவிட்டுக் கொடுத்த இரும்பு மாத்திரைகளை உண்டு, உணவிலும் கீரையும் பயறும் சேர்த்துக்கொண்டு, சில மாதங்களில் அவள் வேறொரு பெண்ணாக ஆனாள். குறை அவள் குணத்தில் இல்லை, இரத்தத்தில் இருந்தது. நான் அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். அவள், “பரவாயில்லை ஐயா” என்றாள். எனக்கு அது இன்றுவரை பரவாயில்லை என்று ஆகவில்லை.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். இல்லாத பொருள் எது என்பதைக் கோல்டுபெர்கர் தம் வாழ்நாளில் காணவில்லை. எனினும் மதுவடிப்போர் பயன்படுத்தும் ஈஸ்ட் இந்நோயைத் தடுக்கும் என்பதைக் கண்டறிந்தார். 1927இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்தபோது செஞ்சிலுவைச் சங்கம் அவர் அறிவுரைப்படி ஈஸ்ட்டை மக்களுக்கு வழங்கிற்று. விலை மலிவான ஓர் உணவுத் துணைப்பொருள் பல உயிர்களைக் காத்தது. 1929இல் அவர் காலமானார். 1937இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து அறிஞர் கான்ராட் எல்விஜெம், நாய்களுக்கு வரும் இதனையொத்த நோயை நிக்கோட்டினிக் அமிலம் குணப்படுத்துவதைக் கண்டார். நியாசின் என்று நாம் வழங்கும் உயிர்ச்சத்து அதுவே. விரைவில் அதை மனிதருக்கும் கொடுத்துப் பார்த்தனர். சித்தம் கலங்கிக் கிடந்த பெல்லாக்ரா நோயாளிகள் சில நாட்களிலேயே தெளிவு பெற்று எழுந்தனர். 1940களில் மாவில் உயிர்ச்சத்துகளைச் சேர்க்கும் வழக்கம் வந்தது. மக்களின் உணவும் சீர்பட்டது. பெல்லாக்ரா அந்நாட்டிலிருந்து ஏறத்தாழ மறைந்தது.

நம் நாட்டிலும் இந்நோய் இருந்தது. தக்காணத்தில் சோளத்தையே பெரிதும் உண்ட ஏழை மக்களிடையே அது காணப்பட்டது. நம் நீலகிரிக் குன்னூரில் 1918இல் ராபர்ட் மக்காரிசன் சிறிய அளவில் தொடங்கிய உணவாராய்ச்சி, பின்னர் பெரிய ஆய்வுக்கூடமாக வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு மாறிற்று. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் 1960இல் அங்கிருந்து சோளத்தின் புரதத்திற்கும் பெல்லாக்ராவுக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு புதிய கருத்தை வெளியிட்டார். அக்கருத்தைப் பற்றி அறிஞர் பின்னரும் விவாதித்தனர்.

இனி என் புட்டியின் மேலிருந்த பெயருக்கு வருகிறேன். டிரிப்டோபான் என்பது புரதத்தை உருவாக்கும் அமினோ அமிலங்களில் ஒன்று. 1901இல் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸ், கோல் என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தனர். பாலிலும் முட்டையிலும் பயற்றிலும் அது உண்டு. மக்காச்சோளத்தில் மிகக் குறைவு. 1945இல் எல்விஜெம் குழுவினர் ஒரு புதிரை விடுவித்தனர். நியாசின் குறைவாக உள்ள பால் எப்படிப் பெல்லாக்ராவைத் தடுத்தது என்பதே அப்புதிர். பாலில் உள்ள டிரிப்டோபானிலிருந்து உடம்பு தானே நியாசினை ஆக்கிக்கொள்கிறது. சுமார் 60 மில்லிகிராம் டிரிப்டோபானிலிருந்து 1 மில்லிகிராம் நியாசின் கிடைக்கும்.

இதே டிரிப்டோபானிலிருந்து உடம்பு வேறு இரு பொருள்களையும் ஆக்குகிறது. ஒன்று செரட்டோனின், 1948இல் அமெரிக்காவில் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1953இல் பெட்டி டுவாரோக் என்ற பெண் அறிஞர் அது மூளையிலும் இருப்பதைக் காட்டினார். மனநிலையோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பது பின்னர்த் தெரிந்தது. மற்றொன்று மெலட்டோனின், 1958இல் ஏரான் லெர்னர் மாட்டின் மூளையிலுள்ள பினியல் சுரப்பியிலிருந்து அதைக் கண்டெடுத்தார். இருள் வந்தது என்று உடம்புக்கு அறிவிக்கும் தூதன் அது.

இங்கேதான் மனித அறிவு ஒரு படியைத் தாண்டிக் குதித்தது. டிரிப்டோபான் செரட்டோனினாகிறது, செரட்டோனின் மனத்தோடு தொடர்புடையது, ஆகவே டிரிப்டோபானை மிகுதியாக விழுங்கினால் மனமும் உறக்கமும் மிகுதியாகச் சீர்படும் என்று பலர் கருதினர். 1970, 1980களில் அமெரிக்கக் கடைகளில் அது உணவுச் சத்தாக எவர்க்கும் கிடைத்தது. உறக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் ஆயிரக்கணக்கானோர் அதை உண்டனர்.

1989ஆம் ஆண்டு அக்டோபரில் நியூ மெக்சிகோ மாநிலத்து மருத்துவர்கள் மூன்று பெண்களிடம் விந்தையான ஒரு நோயைக் கண்டனர். தசைகளில் தாங்கொணா வலி. இரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் அளவுமீறிப் பெருகியிருந்தன. மூவரும் டிரிப்டோபான் உண்டவர்கள். அல்புகர்க்கி நகர நாளிதழின் செய்தியாளர் தமார் ஸ்டீபர் இதை வெளியிட்டு எச்சரித்தார். அப்பணிக்காக 1990இல் புலிட்சர் பரிசு பெற்றார். அம்மாநில அதிகாரிகள் கோல்டுபெர்கர் வகுத்த பழைய வழியையே பின்பற்றினர். நோயுற்ற 11 பேரையும் நோயற்ற 22 பேரையும் ஒப்பிட்டனர். நோயுற்ற 11 பேரும் டிரிப்டோபான் உண்டிருந்தனர். நோயற்றவர்களில் இருவரே உண்டிருந்தனர். நவம்பரில் அரசு அப்பொருளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் செய்தது. அதற்குள் 1,500க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்தவர்களில் பலர் நீண்டகாலம் நரம்பு வலியால் வருந்தினர்.

நோயுற்றவர்கள் உண்ட சரக்கில் பெரும்பகுதி ஜப்பான் நாட்டு உற்பத்தியாளர் ஒருவரிடமிருந்து வந்தது. அச்சரக்கில் மிகச் சிறிய அளவில் வேற்றுப் பொருள்கள் கலந்திருந்தன. அவற்றுள் எது நஞ்சாயிற்று என்பதை ஐயமற நிறுவ இயலவில்லை. இவ்வளவு நேர்ந்த பின்னரும், 1994இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம், உணவுச் சத்து மாத்திரைகளை விற்குமுன் அவை பயன் தரும் என்று அரசிடம் மெய்ப்பிக்க வேண்டிய கடமையை உற்பத்தியாளருக்கு விதிக்கவில்லை. 2017இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்றில் 31 வகை மெலட்டோனின் சரக்குகளைச் சோதித்தனர். பலவற்றில் மேலே எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. 8 வகைகளில் எழுதாத செரட்டோனினும் இருந்தது.

ஆகவே உணவுச் சத்து மாத்திரைகள் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. என் மாணவியை எழுப்பியது ஒரு மாத்திரையே. மிசிசிப்பி மக்களைக் காத்ததும் ஒரு துணைப்பொருளே. தொலைதூர விமானப் பயணத்தால் உறக்க நேரம் மாறியவர்களுக்கு மெலட்டோனின் ஓரளவு உதவுகிறது என்பதும் உண்மை. வேறுபாடு எங்கே இருக்கிறது? எண்ணெய் வற்றிய அகல்விளக்கில் எண்ணெய் வார்த்தால் சுடர் நிமிரும். நிறைந்த அகலில் மேலும் வார்த்தால் சுடர் இரட்டிப்பாவதில்லை. எண்ணெய் வழிந்து தரை பாழாகும். சில வேளை திரியே அணைந்துவிடும். பெல்லாக்ரா நோயாளிகள் எண்ணெய் வற்றிய விளக்குகள். 1989இல் வருந்தியவர்களில் பெரும்பாலோர், தம் அகலில் எண்ணெய் உண்டா இல்லையா என்று எவரும் பார்க்காமலே வார்த்துக்கொண்டவர்கள்.

என் புட்டியின் கதையை முடிக்க வேண்டும் அல்லவா? பன்னிரண்டு நாள் உறங்கியது மாத்திரையாலா, காப்பியை விட்டதாலா, அவ்வாரம் மழை பெய்து இரவு குளிர்ந்ததாலா? ஒப்பிட எனக்கு இரண்டாவது அணி இல்லை. ஆகவே மாத்திரையை நிறுத்தினேன், காப்பியைத் தொடவில்லை. உறக்கம் அப்படியே இருந்தது. ஒருவனிடம் ஒருமுறை செய்த சோதனை முழுச் சான்று ஆகாது என்பதை அறிவேன். எனினும் புட்டியை மூடி வைக்க அது எனக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் மருத்துவரிடம் அதைக் காட்டினேன். மனச்சோர்வுக்கு மருந்து உண்பவர்கள் இதையும் சேர்த்து உண்டால் பெருந்தீங்கு நேரக்கூடும் என்று எச்சரித்தார். இதை ஒளித்து உண்பவர்களைத்தான் கண்டு அஞ்சுவதாகவும் கூறினார்.

இளைஞர்களே, தேர்வு நெருங்கும்போது நினைவாற்றலுக்கு ஒன்று, உறக்கத்திற்கு ஒன்று, ஊக்கத்திற்கு ஒன்று எனப் பல புட்டிகள் உங்கள் முன் வைக்கப்படும். வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் உடம்பில் இது குறைந்திருக்கிறது என்று சோதித்துச் சொன்னவர் யார்? இதை உண்டவர்களோடு உண்ணாதவர்களை ஒப்பிட்டுப் பார்த்தது உண்டா? எழுதிய பொருளே உள்ளே இருக்கிறது என்பதற்குப் பொறுப்பு யார்? நம் நாட்டில் 2016இல் வெளியான விதிகளின்படி, இத்தகைய சத்துப் பொருள்களின் மேல் இது மருத்துவப் பயனுக்கு உரியதன்று என்று எழுத வேண்டும். எழுத்து சிறிதாக இருக்கும், தேடிப் படியுங்கள்.

உங்களுள் எவருக்கேனும் பல நாட்கள் உறக்கம் இல்லையென்றால், மனம் காரணமின்றிச் சோர்ந்தால், அதை மறைக்காதீர்கள். பெற்றோரிடம் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு சொல். சோர்ந்து கிடக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், கோல்டுபெர்கர் செய்ததுபோல், அப்பிள்ளையின் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். நான் பார்க்கத் தவறினேன். நீங்கள் தவறாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.